பதினோரு அடிக்குள் சுருங்கிய தறி

போன வாரம் ஒரு அதிசயம் நடந்தது. பதிமூன்றடி நீளத் தறி ஒன்று பதினோரடி அறைக்குள் புகுந்து, பக்கத்தில் நடக்க இடமும் விட்டு உட்கார்ந்துகொண்டது.

காகிதத்தில்தான். உட்கார வைத்தவன் அடியேன்.

என் தங்கை கலைவாணி பட்டு நெய்கிறவள். வாடகை வீட்டில் தறிக்குக் கீழே கால் மிதிக்கும் குழி தோண்ட எந்த ஓனர் விடுவார்? ஆறு வருடமாக அடுத்தவர் வீட்டுத் தறியில் நெய்கிறாள். இப்போது செவிலிமேட்டில் அவளும் அவள் கணவரான என் மச்சானும் வீடு கட்டுகிறார்கள் என்றால், அது சொந்தத் தறி போடத்தான். ஹால், கிச்சன் எல்லாம் சும்மா கூட வருகிறவை.

பிளானில் தறி அறை பதினாலுக்குப் பதினாலு அடி. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது... மச்சான் அதை ஜோசியரிடம் காட்டும் வரை. மனையடி சாஸ்திரப்படி பதினாலு ஆகாதாம், கஷ்டம் வருமாம். பதினொன்று என்றால் யோகமாம். வீடு கட்ட ஆரம்பித்தவனிடம் கஷ்டம் வரும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

மச்சான் பயந்துபோனார். விவரம் தெரிந்த ஆள் என்று நம்பி என்னைக் கூட்டிக்கொண்டு இன்ஜினீயர் ஆபீசுக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் பிளான் போடுகிற கோபி, சுவரை மட்டும் நகர்த்தி மற்றதைச் சரிசெய்ய அரை நாளாகும் என்றார். நான் விடுவேனா? வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கே புத்தி சொல்கிறவன் ஆயிற்றே! யூடியூபில் பெற்ற ஞானத்தை அவிழ்த்துவிட்டேன் — படத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்கும் ஸ்கேல் கமாண்ட் கொடுங்கள், ரெஃபரன்ஸ் போடுங்கள், இப்போது இருப்பது பதினாலு, வேண்டியது பதினொன்று என்று சொல்லுங்கள். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பதும் சேர்ந்து சுருங்குமே சார் என்று கோபி இழுத்தார். நான் கையமர்த்தினேன்.

அறையை மொத்தமாக செலக்ட் செய்து நம்பரைத் தட்டினார். ஒரே நொடி. மில்லிமீட்டர் பிசகாமல் பதினோரடி. சுவரோடு கதவு சுருங்கியது, ஜன்னல் சுருங்கியது, தறியும் சமர்த்தாகச் சுருங்கியது. ஆனால் திரையில் பார்த்த எங்களுக்கு எல்லாம் முன்பு போலவே கச்சிதமாகத் தெரிந்தது. மிச்சமான மூன்றடியில் மச்சான் பைக் நிறுத்த இடம் பிடித்துக்கொண்டார்.

மனையில் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று கலைவாணி வந்தாள். கையில் ஒரு கயிறு. தான் நெய்கிற தறியை நீளவாக்கில் அளந்து, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். தறி அறைக் கோட்டுக்குள் அதை நீட்டி வைத்தாள். இரண்டடி வெளியே போய், பைக் நிற்க வேண்டிய இடத்தில் முடிந்தது.

நான் பிளானை விரித்து, இதோ பார், தறி எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினேன். காட்டும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. படத்தில் இருந்தது சுருங்கிய தறி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏண்ணா, இந்தப் படத்துல இருக்குற தறியிலதான் நான் நெய்யணுமா?"

மச்சான் மெல்ல ஜோசியர் பேச்சை எடுத்தார். பதினாலு வைத்தால் கஷ்டம் வரும் என்கிறாரே...

"வரட்டும். ஆறு வருஷமா அடுத்தவங்க வூட்ல நெய்ஞ்சிக்கினு இருக்கேனே... அது எத்தினி அடிக்கு வந்த கஷ்டம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மேஸ்திரி காலால் பழைய கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, பதினாலுக்குப் புதுக் கோடு போட ஆரம்பித்தார்.

அன்று மாலையே மச்சான், ஏதாவது பரிகாரம் உண்டா என்று ஜோசியருக்குப் போன் போட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார். தொழில் செய்கிற அறைக்கு மனையடி பார்க்க வேண்டியதே இல்லையாம்.

சாஸ்திரத்தையே இப்படி வேண்டிய அளவுக்கு ஸ்கேல் பண்ணலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், நான் எதற்கு அந்தத் தறியில் கை வைக்கப்போகிறேன்?