சுருளியம்மாள் கதவைச் சாத்திய நாள்

சுருளியம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன் நான். பிடிவாதக்காரர்களுக்கு இந்த மலையில் பஞ்சமில்லை. இவள் தனி ரகம். மலைக்குக் கீழே கம்பத்தில் பிறந்து, விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறிக் காய் எடுக்கும் கூலி வேலைக்கு வந்தவள். இங்கேயே சின்னமுத்துவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஓடாய்த் தேய்ந்து ஓடைக்கரையில் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்கினார்கள்.

சின்னமுத்து ஊரார் தோட்டங்களுக்கெல்லாம் பூச்சிமருந்தடிக்கப் போவான். முகத்தைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐம்பது வயது ஆவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டீ கிளாஸைக்கூட அவள்தான் வாயில் வைக்க வேண்டும். மருந்துதான் காரணமென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும்வரை சுருளியம்மாள் காத்திருக்கவுமில்லை. "இனிமே நம்ம மண்ணுல ஒரு சொட்டு விழக்கூடாது" என்று சொல்லி, ஸ்பிரேயரைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். தண்டுதுளைப்பான் புழு அவள் செடிகளை ஆசைதீரத் தின்றது. பக்கத்துத் தோட்டங்களில் காய் குலுங்கியது. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மருந்தைக் குறையுங்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் இல்லை. கூட்டம் போட்டார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், சாப்பாடும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மருந்தடித்தோம். பிறகு கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகள், காயில் இந்த அளவுக்கு மேல் மருந்து இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்று கறாராக நின்றன. கப்பலேறிய காய் திரும்பி வந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, மருந்தடிக்காத விவசாயிகளை ஒரு குழுவாகச் சேர்த்து நல்ல விலை தருவதாகச் சொன்னது. தேடிப் பார்த்தால் தகுதியோடு இருந்தவள் சுருளியம்மாள் ஒருத்திதான். சிரித்தவர்களில் சிலர் அவளிடம் வழி கேட்டு வந்தார்கள். மூன்று வருடம் மருந்தடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, அவர்களும் குழுவில் சேர்ந்தார்கள். ஓடையில் நண்டு திரும்பி வந்தது. எங்கோ இருக்கிறவன் தன் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு வேண்டுமென்று போட்ட சட்டம் எங்கள் ஓடையைக் கழுவியது என்று ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

சென்ற மழைக்காலத்தில் குழுவின் காய் பரிசோதனையில் தோற்றது. மருந்து இருந்தது. அதுவும் சுருளியம்மாளின் மூட்டையில்!

கம்பெனியின் ஆள் ஜின்சன் வந்தான். நல்ல பையன்தான், சாப்பிடாத முகத்தோடு வந்து நின்றான். தோட்டத்தைச் சுற்றினான், ஓடைத் தண்ணீரைப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவளுடைய ஸ்டோருக்குள் போனான். காயைத் தட்டுகளில் பரப்பி விறகுத் தீயின் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். எல்லோருக்கும் சொந்தமாக ஸ்டோர் கிடையாது. பறித்த பச்சைக்காயை அன்றே சூட்டில் போடாவிட்டால் நிறம் போய்விடும். அதனால் மழைநாளில் யார் வந்து இடம் கேட்டாலும் இல்லையென்று சொல்வதில்லை. சாவு வீட்டில் தண்ணீர் கேட்பது போலத்தான் அது, மறுக்கிற விஷயமே அல்ல.

"இந்தத் தட்டில் யாருடே காய் சேச்சி?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டான் ஜின்சன்.

"மேட்டுத் தோட்டத்து கத்தரீனாளோடது. தனித் தட்டுலதான போட்டேன்? தட்டு வேற, காய் வேற!" என்றாள் சுருளியம்மாள்.

தட்டு வேறுதான். ஆனால் உலர்ந்த காயின் வால் உதிரத் தேய்க்கும் டிரம் ஒன்றுதான். கத்தரீனாளின் மருந்தடித்த காய் அதில் உருண்டு வந்த பிறகுதான் சுருளியம்மாளின் காய் உருண்டது. அடியில் தங்கியது கலந்தது. தேய்ந்த தூளும் ஒட்டியது. மண்ணைக் காப்பாற்றியவளுக்கு டிரம்மைக் கழுவத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"இன்னொரு தடவ சாம்பிள் எடுக்கும். அதும் தோத்தா குழுவையே கம்பெனி விட்டுடும். வெளிக்காய் ஸ்டோருக்கு உள்ளே கயறவே கூடாது சேச்சி. நான் என்ன செய்யும்?" என்றான் ஜின்சன்.

குழு கலைந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே எல்லார் தோட்டத்திலும் மருந்தடிக்கும் மோட்டார் ஓடும்.

"அப்ப கத்தரீனாளையும் குழுவுல சேத்துக்கங்க" என்றாள்.

"மூணு வருஷம் மருந்தடிக்காம இருக்கணும் சேச்சி. அதுக்கப்புறம்தான் சேர்க்கும்."

"அந்த மூணு வருசம் அவ என்னத்தத் திம்பா? குத்தகைக்கு எடுத்த நிலம். புருசன் இல்ல. பொண்ணு நர்சிங் படிக்குது. சட்டம் போட்ட ஊர்லருந்து யாராச்சும் சோறு குடுத்து விடுவாங்களா?"

ஜின்சனிடம் அதற்கு வழியில்லை. தப்பு அவனுடையதும் அல்ல. நல்ல சட்டம் போடுகிறவர்கள் பாதி வழியோடு நின்றுவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மழைநாளில் கத்தரீனாள் இரண்டு சாக்குப் பச்சைக்காயோடு வந்தாள். நான் அப்போது அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா, தட்டு எதுனாச்சும் காலியா இருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டாள்.

சுருளியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே இங்க போட முடியாது கத்தரீனா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கத்தரீனாள் கொஞ்ச நேரம் மழையில் நின்றாள். கேட்டது சரிதானா என்று என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வேறு ஸ்டோர் தேடி அலைந்து காய் உலருவதற்குள் அது வெளுத்துவிட்டது. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனது.

சுருளியம்மாளின் சாம்பிள் தேறியது. குழு பிழைத்தது. ஜின்சன் லட்டு வாங்கி வந்தான். அவள் தொடவில்லை.

அந்த வாரமே மேட்டுத் தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. போன நஷ்டத்தை மிச்சமிருக்கும் காயில் பிடிக்க வேண்டுமே! கத்தரீனாள் வழக்கத்தைவிடக் கெட்டியாக மருந்தைக் கலந்து அடித்துக்கொண்டிருந்தாள். காற்று கீழ்நோக்கி வீசியது. வெள்ளைப் புகை வேலியைத் தாண்டிச் சுருளியம்மாளின் செடிகள்மேல் இறங்கியது. அவள் மூச்சிரைக்க மேடேறினாள்.

"கத்தரீனா, காத்து எம்பக்கம் அடிக்குது. நிறுத்துடி!"

கத்தரீனாள் மோட்டாரை அணைத்தாள். முகத்துணியை இறக்கினாள். கண் சிவந்திருந்தது.

"எங் காயி உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னீங்க, சரின்னு போயிட்டேன். இப்பக் காத்தும் வரக்கூடாதுங்கறீங்க. நான் எங்கிட்டுப் போகட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சுருளியம்மாள் நின்றாள். கீழே தன் செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். கத்தரீனாள் முகத்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் மோட்டாரைப் போட்டாள்.