உயிரோடிருந்தவனுக்கு வந்த கோடி

உயிரோடிருக்கும் ஒருவனுக்காக அவன் மனைவி ஒப்பாரி வைக்கலாமா? மலைமேல் வாழவந்தி நாட்டு ஊர்களில் இருசாயியைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும்: கூடாது. அவ்வளவு சுலபமாகப் பதில் வந்துவிடுவதால்தான் எனக்கு அதன்மேல் சந்தேகம்.

இருசாயிக்கு நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, இரண்டு ஆடு. கணவன் நல்லமுத்து போர்வெல் லாரியில் வேலைக்கு வடக்கே போனவன். அப்படிப் போகிறவர்கள் ஆடி நோன்புக்கு மலையேறி வந்துவிடுவார்கள். அவன் இரண்டு ஆடியாக வரவில்லை. போனில் பேசும்போது லாரி எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்வான். எப்போது வருவான் என்று சொல்ல மாட்டான். போன வருஷம் மட்டும், "ஆடிக்கு வந்தர்றேன். இனிப் போகல. மிளகைப் பாத்துக்கிட்டு ஊட்டோட இருந்துக்கறேன்" என்றான். இருசாயி நம்பினாள். கூரையில் உடைந்திருந்த ஓடுகளை மாற்றினாள்.

மகள் கோகிலா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தமிழாசிரியை பானுமதி அந்த வகுப்புக்கு ஒரு நாவலை வாசிக்கக் கொடுத்திருந்தார். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கணவனுக்காகக் கடைசிவரை காத்திருக்கும் ஒருத்தியின் கதை. பிள்ளைகள் பத்துப் பக்கத்தைத் தாண்டவில்லை. பானுமதியை நல்ல ஆசிரியை என்று சொல்லத் தயங்குகிறேன், விடாப்பிடியான ஆசிரியை. நாவல் எதைப் பற்றியது என்பதைக் குழுகுழுவாகப் பாட்டாகவோ வீடியோவாகவோ செய்து காட்டலாம் என்று அறிவித்தார். அதன்பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள். பசியைப் பற்றி ஒரு குழு மேசையைத் தட்டிப் பாடியது. கோகிலாவின் குழுவுக்குக் கிடைத்தது காத்திருத்தல்.

காத்திருப்பதை எப்படிப் படம் பிடிப்பது? ரோட்டை எடுத்தார்கள், வளைவில் திரும்பும் பஸ்ஸை எடுத்தார்கள். வகுப்பில் போட்டபோது, "பஸ் லேட்டுன்னு கலெக்டருக்கு மனு குடுத்த மாதிரி இருக்குதுடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கோகிலாவின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் பானுமதி, "உங்கம்மா ஒப்பாரி நல்லாச் சொல்லுவாங்களாமே" என்றார்.

மறுநாள் அவரே வீட்டுக்குப் போனார்.

"ஏனுங்க டீச்சர், எழவு உழுகாம ஒப்பாரி வெப்பாங்களா?" என்றாள் இருசாயி.

"கதைக்குத்தானுங்க அக்கா. கதையில வர்றவளோட புருசனுக்காக."

"அவன் செத்துட்டானுங்களா?"

"அது கடைசிவரைக்கும் தெரியாதுங்க."

"அப்ப அவ அழுகறதே இல்லீங்களா?"

"இல்லீங்க. வாயே தொறக்க மாட்டா."

"அடி பாவி மவளே" என்ற இருசாயி, அரிந்துகொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்குள்ள ஆகாதுங்க. காட்டுக்கு வாங்க" என்றாள்.

மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் உட்கார்ந்து பாடினாள். கோகிலா போனைப் பிடித்திருந்தாள். முதல் அடிகள் சொல்லிக்கொடுத்தபடியே தேயிலையும் பனியுமாக வந்தன. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

செம்பாறை தொளைக்கப் போன எஞ்சாமி, உன்னை
எப்பாறை மூடுச்சோ, ஆரு வந்து சொல்லுவாங்க...

நாவலில் பாறை இல்லை, துளைப்பவனும் இல்லை. பானுமதி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய பாட்டு என்று அதை நான் சொல்ல மாட்டேன். ஒப்பாரி தெரிந்த எவரும் கட்டக்கூடிய அடிகள்தான். ஆனால் கடன்வாங்கிய துக்கத்தில் அந்தக் குரல் வராது.

வகுப்பில் வீடியோ ஓடியபோது யாரும் சிரிக்கவில்லை. நாவலைப் பற்றி முதல்முறையாகக் கேள்விகள் கேட்டார்கள். அன்று சாயங்காலம் கோகிலா, அம்மா நன்றாகப் பாடிய பின்பாதியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் வைத்தாள். நாவலின் பெயரும் தேயிலை அடிகளும் முன்பாதியோடு போய்விட்டன. அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, அதே மலையில் திண்ணனூர் நாட்டில் இருந்த இருசாயியின் அண்ணன் அருணாசலத்தை எட்டியபோது நல்லமுத்துவின் சாவுச் செய்தியாகியிருந்தது.

அருணாசலம் தங்கைக்குப் போன் போட்டுப் பார்த்தார். காட்டில் டவர் எடுக்கவில்லை. சொந்தக்காரர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு கொண்டுவரும் வெள்ளைக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினார். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த இருசாயி, அழுதபடி வரும் பெண்களைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னண்ணா, ஆருக்கு என்னாச்சு?"

"உம்புருசன் போயிட்டானே சாமி!"

"எப்போ?" என்றாள் இருசாயி.

அந்த ஒரு சொல்லை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. அவளும் நம்பிவிட்டாள். வீடியோதான் காரணம் என்பது விளங்கக் கொஞ்சநேரம் ஆனது. "செத்தவன் போனெடுக்கறானான்னு பாருங்கடா" என்று யாரோ சொல்ல, போட்டார்கள். நல்லமுத்து எடுத்தான். சிலர் சிரித்தார்கள். அழுதுகொண்டு வந்த ஒரு கிழவிக்கு ஆத்திரம்: "தொண்டை போச்சே, உயிரோட இருக்கறவனுக்கு!"

ஆனால் கோடி வந்துவிட்டது. வந்த கோடி திரும்பிப் போகக்கூடாது; தாலியோடு இருப்பவள் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது. நல்லமுத்து நேரில் வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வாசலில் நிற்க வேண்டும். அவன் கண்ணெதிரே கோடியை எரிக்க வேண்டும். அதுவரை வெளியே கிடக்கட்டும் என்று ஆட்டுக்கொட்டகைச் சட்டத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து நல்லமுத்து கூப்பிட்டான்.

"லாரியில எல்லாரும் பாத்துட்டானுங்க. பொண்டாட்டியே ஒப்பாரி வெச்ச ஆளுன்னு மேனேஜர் என்னை மிசின்கிட்டவே விடமாட்டேங்கறான்."

"கதைக்குப் பாடுனதுங்க. டீச்சரம்மா கேட்டாங்க."

"கோகிலாகிட்டக் கேட்டேன். கதையில தேயிலைதானாம். பாறை எங்கடி வந்துது?"

அவனே தொடர்ந்து, "நீ முடிவு பண்ணிட்ட. செத்தவன் வந்து என்ன பண்றது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஆடி வந்தது. அவன் வரவில்லை. அவள் போட்ட போன்களையும் எடுக்கவில்லை. கொட்டகையில் வெள்ளைச் சேலை ஆட்டுப் புழுதி படிந்து பழுப்பேறியது.

பானுமதி ஒருநாள் போய், "எல்லாம் என்னாலதானுங்க அக்கா" என்றார்.

"பாடம் புரிஞ்சுதுங்களா புள்ளைங்களுக்கு?" என்று கேட்டாள் இருசாயி. குத்தலாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்று பானுமதிக்கு இன்றுவரை தெரியாது. அரையாண்டுத் தேர்வில் காத்திருத்தல் பற்றிய கேள்விக்கு வகுப்பே பக்கம்பக்கமாக எழுதியிருந்தது. கோகிலா மட்டும் அந்தக் கேள்வியைத் தொடவில்லை.

தை மாதம் அருணாசலம் வடக்கே போய், கையைப் பிடித்து இழுக்காத குறையாக நல்லமுத்துவை அழைத்துவந்தார். இளைத்திருந்தான். முதல்நாளே இருசாயிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலில் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். நல்லமுத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு நின்றான். "உள்ள வர உடுவாளா?" என்று மச்சானிடம் மெதுவாகக் கேட்டான். "அவ உனக்காகத்தான மாப்ள உக்காந்திருக்கறா" என்றார் அருணாசலம்.

கோடியை எடுத்துவரப் போன ஒருவன் வெறுங்கையோடு வந்தான். கொட்டகையில் சேலை இல்லை.

இருசாயி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். துவைத்த கோடியை உடுத்தியிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமமும் இருந்தது.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணுன? அவன்தான் வந்துட்டானே!" என்று கத்தினார் அருணாசலம்.

அவள் நல்லமுத்துவைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை என்கிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மிளகு பறிக்கக் காட்டுக்குள் போனாள். எரிக்கக் கோடி இல்லாமல் வாசலில் தீ தானாக எரிந்து அணைந்தது. வாசலைத் தாண்டாமலே அன்று மத்தியான பஸ்ஸில் அவன் மலையிறங்கிப் போனான்.

ஏன் என்று கேட்காதவர் இல்லை. பானுமதி கேட்டார், கோகிலாவும் கேட்டாள். இருசாயி எல்லோரிடமும் மழையைப் பற்றிப் பேசினாள்.