வங்கி வாங்கிய நோட்டும் தெய்வானை அக்காவின் கடையும்

செய்தி வந்தபோது நான் இரத்தினபுரியில் மொத்தக் கடையொன்றில் பருப்பு மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். மனைவிதான் ஃபோன் எடுத்தாள். "தெய்வானை அக்கா போயிட்டாங்க. விடிஞ்சும் கடை தொறக்கலன்னு கதவ ஒடச்சிப் பாத்திருக்காங்க. தூக்கத்துலயே போயிருக்கு." எதிரில் நின்றவர் சொன்ன விலைக்கே தலையாட்டிக் காசைக் கொடுத்துவிட்டேன். றக்வான வளைவுகளில் லொறி ஏறும்போதுதான் அது உறைத்தது. பேரம் பேசாமல் பருப்பு வாங்கிய கதையைக் கேட்டிருந்தால், அக்கா ஒரு மாதத்துக்கு என்னை விட்டிருக்கமாட்டார்.

நமது வர்த்தகர் சங்க மலருக்கு எழுதச் சொன்னவர்கள், நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். நல்லதாக மட்டும் எழுதினால் அக்காவே நம்பமாட்டார். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே மூலைக் கடை அவருடையது. புருஷன் போன பிறகு மலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து, அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று தனியாளாக நடத்தினார். அந்த மூலைமேல் எனக்குக் கண் இருந்தது. அவருக்கும் அது தெரியும். நான் அந்தப் பக்கம் போனாலே, "என்ன மொதலாளி, செவுத்த அளந்துக்கிட்டுப் போறீங்களா?" என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அளந்துகொண்டுதான் போவேன்.

கொழும்புக் கம்பனி ஒன்று தையல் மெசின் கொண்டுவந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத்து லயங்களில் இருக்கும் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பிறகு ஸ்கூல் சட்டை தைத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டினார்கள். தவணைக்கு மெசின், தொகைக்குப் புரோநோட்டு. நோட்டின் பின்பக்கம் பிணைக்குக் கடைக்காரர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். நமது பக்கத்தில் அது புதிதில்லை. தோட்டத்துப் பெண் எதைத் தவணைக்கு எடுத்தாலும், தெரிந்த கடைக்காரரை "எனக்காக நில்லுங்க" என்று கூப்பிடுவாள். என்னிடமும் கேட்டார்கள். வேலை கிடக்கிறது என்று நழுவினேன். வியாபாரி அதைத்தான் செய்யவேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அக்கா எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு மலையில நாலு பேரு நின்னாங்க, தம்பி" என்றார்.

கம்பனியின் ஆள் நிமல் சம்பள நாள்தோறும் வருவான். அக்கா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தவணையை வாங்குவான். யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் கலியாணம், எல்லாம் அவனுக்குத் தெரியும். இதற்கிடையில் கம்பனி அந்த நோட்டுகளையெல்லாம் ஒரு வங்கிக்கு விற்றுவிட்டது. வங்கி ஆள் பண்டார மாத்தயா ஒரு சம்பள நாளில் நிமலோடு வந்து, இஞ்சித் தேநீர் குடித்து, எப்போதும்போல இவரிடமே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் அப்படியே கட்டினார்கள். நம்மவர்கள் செய்கிற தவறு இது. கடனை ஆளைப் பார்த்துக் கட்டுவோம், காகிதத்தைப் பார்த்துக் கட்டமாட்டோம். முகம் தெரிந்தவன் வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவோம். நோட்டைத் திருப்பித் தா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

கம்பனி மூடிக்கொண்டது. நிமல் வெளிநாடு போய்விட்டான். கடைசி மாதங்களின் காசு தங்களுக்கு வரவேயில்லை என்று வங்கி இரத்தினபுரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நோட்டு வங்கியின் கையில். முன்பக்கம் பெண்களின் கையெழுத்து, பின்பக்கம் அக்காவின் கையெழுத்து. பெண்களிடம் பிடுங்க என்ன இருக்கிறது? ஏலத்துக்கு வரக்கூடிய சொத்து அந்த மூலைக் கடை ஒன்றுதான்.

நானும் பின்தேதிக் காசோலைகளைக் கழிவு பிடித்துக்கொண்டு வாங்குகிறவன். காகிதம் யார் கையிலோ காசு அவருக்கு, அதுதான் எங்கள் தொழில். வங்கியின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அக்காவிடம் போய், கடையை எனக்குக் கொடுங்கள், வங்கிக்குக் கட்டிவிட்டு மிச்சத்தோடு மகள் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருங்கள் என்றேன். நியாயமான விலைதான் சொன்னேன்.

அக்கா சீனியை நிறுத்துக்கொண்டே கேட்டார். "வங்கி எனக்குக் கேஸ் போட்டது ஒங்களுக்குக் கொண்டாட்டமாப் போச்சு, இல்லையா?" பிறகு பையைக் கட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெல நல்ல வெலதான் தம்பி. ஆனா நான் இப்பக் கட்டுனா, அவளுங்க கட்டலங்கறது உண்மையாயிரும்."

இந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்றைக்கு எரிச்சலைத்தான் தந்தது. உண்மைக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் வந்து கத்தினேன்.

பண்டார மாத்தயா ஓய்வுபெற்றுக் குருவிட்டவில் இருக்கிறார் என்று தெரிந்ததும், கூட்டிப்போகச் சொல்லி அக்கா என்னைத்தான் கேட்டார். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. வழியில் இறங்கி ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கினேன். அதை லொறியிலேயே வைக்கச் சொன்னார் அக்கா. "பிஸ்கட்டுக்காகச் சொன்னாருன்னு ஆயிரும்."

பண்டார மாத்தயா மாணிக்கக் குழி ஒன்றில் பங்கு போட்டுக்கொண்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அழவில்லை, கெஞ்சவுமில்லை. அன்றைக்குக் கடையில் அப்படிச் சொன்னீர்களா இல்லையா என்று சிங்களத்தில் அந்த ஒன்றை மட்டும் கேட்டார். மனுஷர் பதிலுக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்த அவர் மனைவிதான் பேசினார். அந்தப் பெண்களை நிமலிடமே கட்டச் சொல்லிவிட்டு வந்தேன் என்று அன்றைக்கு வீட்டில் சொன்னீர்களே, இப்போது என்ன யோசனை என்றார். அவர், அழைப்பாணை வந்தால் வருவேன், நானாக வரமாட்டேன் என்றார். அக்கா எழுந்து கும்பிட்டார். திரும்பி வரும்போது, "பொம்பள இருக்குற வீட்டுல மறதி செல்லாது" என்று சொல்லிச் சிரித்தார். பிஸ்கட் பெட்டியை வழியிலேயே உடைத்துத் தின்றோம்.

சாட்சிக் கூண்டில் அக்கா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். வங்கியின் சட்டத்தரணி கெட்டிக்காரர். கையெழுத்து உங்களுடையதா என்றார். என்னுடையது என்றார் அக்கா. நோட்டு வங்கியில் இருக்கும்போது நிமலிடம் ஏன் கட்டினீர்கள் என்றார். அக்கா கொஞ்சமும் அவசரப்படாமல் சிங்களத்தில் கேட்டதன் தமிழ் இது. "காசு ஒங்ககிட்ட வந்து சேந்த மாசமெல்லாம் அவன் ஒங்க ஆளு. சேராத மாசத்துக்கு மட்டும் எங்க ஆளா?" நீதிபதி அதை நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டார். பின்பு பண்டார மாத்தயாவும் வந்து, ஆமாம் சொன்னேன் என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே இல்லை என்றது வங்கி. தீர்ப்புக்குத் திகதி குறித்தார்கள்.

வெளியே வந்து நானும் அக்காவும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். "கடை போயிருமா தம்பி?" என்றார். அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தரம்தான். போனாலும் போகலாம் என்றேன். "பொய் சொல்லாம இருந்ததுக்கு ஒங்களுக்கு ஒரு டீ வாங்கித் தாரேன், வாங்க" என்று எழுந்தார்.

தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. மரண வீட்டில் லயத்துப் பெண்கள் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். அழுவதா, வழக்கு என்னவாகும் என்று கேட்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கிற இடமும் அதுவல்ல. அக்காவின் இடத்தில் வழக்கில் இனி மகளின் பெயர் வரும். புளத்கொகுபிட்டியவிலிருந்து அவள் நேற்று ஃபோன் எடுத்தாள். பாதியைக் கட்டினால் உங்கள் பெயரை விட்டுவிடுகிறோம், மற்றவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வங்கித் தரப்பு சொல்லியிருக்கிறது. "என்ன மாமா செய்ய? ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கட்டிவிட்டு விலகு. ஆயுள் முழுக்க எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் கட்டவேண்டாம், தீர்ப்பு வரட்டும் என்று சொன்னேன். சொன்னதிலிருந்து தூக்கமில்லை. தோற்றால் அந்தப் பிள்ளையின் சொத்தை அழித்தவன் நானாவேன். வெல்வோம் என்று சட்டத்தரணிகூடச் சொல்லவில்லை.

ஆகையால் நமது வீதியில் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்குத் தோற்றால் மூலைக் கடை ஏலத்துக்கு வரும். அதன் பெறுமதி உங்களுக்குத் தெரியும், உங்களைவிட எனக்குத் தெரியும். நான் ஏலம் கேட்கப்போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். வெளியூர்க்காரன் வந்து எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். நம் வீதியிலிருந்து ஒரு கை உயரக்கூடாது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது நிம்மதியல்ல. எடுக்கக்கூடியதை எடுக்காமல் நிற்பதற்கு ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். அதுவும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. நல்ல இடம் கைவிட்டுப் போகிறதே என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான். போடட்டும்.