பதினேழு கையெழுத்துகள்

வெள்ளைக்காரர் காலத்தில், நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆறு வருஷம் உபதேசியாராக இருந்தேன். ஒரு நாள் பாதிரியார் என்னை ஊட்டிக்குக் கூப்பிட்டு ஒரு மனுவை நீட்டினார். நான் ஆட்களைத் துரைக்கு எதிராகத் தூண்டிவிடுகிறேனாம். வேறு உபதேசியார் வேண்டுமாம். கீழே என் சபையார் பதினேழு பேரின் கையெழுத்து. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சிலேட்டில் கைபிடித்து நான் பழக்கிய அதே கையெழுத்து!

தேவாலாவுக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டை கட்டும்போது, கொழுந்து பறிக்கும் மரியாள் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் பெயரும் மனுவில் இருந்தது.

"நீயுமா கையெழுத்துப் போட்டே?" என்று கத்தினேன்.

அவள் மிரண்டுபோனாள். "கோயிலுக்குக் கூரை கேட்டு எழுதியிருக்குன்னு கங்காணி சொன்னாருங்க. எங்களுக்குப் பேரு எழுதத்தானுங்களே சொல்லிக் குடுத்தீங்க? படிக்கத் தெரியாதுங்களே."

கோயிலில் முதல் பாயில் உட்காருகிற கங்காணி! ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு நான் துரையிடம் போனது, வேலைக்கு இறங்கும் ஆள் கணக்கில் தலைக்காசு வாங்கும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவருக்கு வழி செய்து கொடுத்தது யார்? சபைப் புத்தகத்தில் கைநாட்டே இல்லை என்று பாதிரியார் மெச்ச வேண்டும் என்ற அவசரத்தில், படம் வரைவதுபோல் பெயரை மட்டும் பழக்கியவன் நான்தான்.

கஞ்சியைக் குடித்தேன். பாதிரியாருக்கு நடந்ததை எழுதினேன். உத்தரவு மாறாது என்று பதில் வந்தது.

தேவாலாவின் மழையில் 'அ'விலிருந்து தொடங்கினேன். பேர் எழுதச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டவர்களையெல்லாம் காக்க வைத்தேன். முதலில் வாசிக்கட்டும்.

கங்காணிக்காக இன்றும் ஜெபிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.