சந்தனம் பூசிய முட்டை அட்டைகள்

சிக்குன்குனியா வந்த வருடம் திருத்தணியில் பாதி ஊர் குனிந்தே நடந்தது. மலைப்படியை மூச்சு வாங்காமல் ஏறிய கால்கள் வீட்டு வாசற்படியில் தடுமாறின. அந்த நாட்களில்தான் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தேன். வெளிநாட்டில் ஆண் கொசுவின் மரபணுவை மாற்றி வெளியே விடப் பார்க்கிறார்களாம். ஆண் கொசு கடிக்காது. அது போய்ப் பெண் கொசுவோடு சேரும்; பிறக்கிற புழுக்கள் கொசுவாகும் முன்பே செத்துப்போகும். பயிரைத் தின்னும் அந்துப்பூச்சிக்கும் இதே வைத்தியத்தை முயல்கிறார்களாம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "கீற கொசு பத்தலன்னு இன்னும் வேற விடப் போறாங்களா? நல்லா கீது நாயம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். பூச்சியை விட்டுப் பூச்சியை அடக்கும் வேலையைத்தான் தொண்ணூறுகளின் கடைசியில் நானும் செய்தேன். மரபணு பக்கமெல்லாம் நாங்கள் போனதில்லை. இயற்கையில் இருக்கிற ஒரு குளவியை வளர்த்துக் கரும்பில் விட்டோம், அவ்வளவுதான். ஆனால் யோசனை ஒன்றுதான், முள்ளை முள்ளால் எடுக்கிற யோசனை.

விலங்கியல் படித்துவிட்டு வேலைக்கு அலைந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு சர்க்கரை ஆலையின் பூச்சி வளர்ப்புக்கூடம். "மாடு மேய்க்கிறவங்களப் பாத்துகிறேன். பட்டம் வாங்கிட்டு பூச்சி மேய்க்கிறவள இப்பத்தான் பாக்கிறேன்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். உடைத்த கம்புத் தானியத்தில் அரிசி அந்துப்பூச்சியை வளர்ப்போம். அதன் முட்டைகளைப் பசை தடவிய அட்டையில் மணல் தூவுவது போலத் தூவுவோம். அந்த அட்டையைக் குளவிகளுக்குக் கொடுப்போம். முற்றுப்புள்ளியைவிடச் சின்னதான அந்தக் குளவி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை வைத்துவிடும். சில நாட்களில் அட்டை முழுக்கக் கறுத்துவிடும். அப்புறம் அந்த முட்டைகளிலிருந்து வருவது அந்து அல்ல, குளவி. வயலுக்குப் போன குளவி, கரும்பைத் துளைக்கும் புழுவின் முட்டையைத் தேடிப் போய் அங்கேயும் இதையே செய்யும். புழு பிறப்பதற்கு முன்பே கதை முடிந்தது. அந்துச் செதில் மூக்கில் ஏறி நாளெல்லாம் தும்முவேன். ஆனாலும் பூதக்கண்ணாடியில் அந்தக் குளவி முட்டையின் மேல் ஏறி நின்று உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கண்டால் தும்மல்கூட நின்றுவிடும். இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு வித்தையா என்று தினமும் வியந்தேன்.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. அக்கா வீட்டுக்காரர், எனக்குப் பாவா, கரும்பு வைத்திருந்தார். ஒரு வருடம் எதிர்க்காற்றில், சட்டைகூடப் போடாமல் புழுவுக்கு மருந்து அடித்தவர், வரப்பிலேயே விழுந்துவிட்டார். வாயில் நுரை தள்ளியவரை டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்தது மறு பிறவி. "இன்னொரு தடவை இந்த மருந்து உள்ளே போனால் என் கையில் ஒன்றுமில்லை" என்று டாக்டர் அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருடமும் கரும்பு இடுப்பளவு வந்ததும் கணுக்களில் துளை தெரிய ஆரம்பித்தது. பாவா பரணிலிருந்து தெளிப்பானை இறக்கிவிட்டார். "வேற யாரையாவது வெச்சு அடிங்களேன்" என்று அக்கா கெஞ்சியதற்கு, "என்னையே கவுத்த மருந்த இன்னொருத்தன் முதுகுல ஏத்தச் சொல்றியா?" என்று ஒரே போடாகப் போட்டார். அக்கா பஸ் பிடித்து நேராக என்னிடம் வந்தாள்.

"பாப்பா, நீ வளக்கிற பூச்சிய எனக்கும் குடு. அவரு மறுபடியும் மருந்த தொடக் கூடாது."

ஆலையில் சொல்லி அட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். தபால்தலை அளவுக்கு நறுக்கி, கரும்புத் தோகையின் அடிப்பக்கத்தில் பின் அடிக்கச் சொன்னேன். வெயில் ஏறுவதற்குள் செய், எறும்பு ஏறாமல் பார், பக்கத்தில் மருந்து அடிக்காதே என்று நூறு தடவை சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தாள். நான் சொல்லாத ஒன்றையும் செய்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாவாவிடமிருந்து ஆள் வந்தது. புழு குறையவில்லை, புதுத் துளைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதறிக்கொண்டு போனேன். முதல் தோகையைத் திருப்பினேன். அட்டைத் துண்டின் மேல் வட்டமாக, அழகாக, காய்ந்து இறுகிய சந்தனம். அடுத்த தோகையிலும் சந்தனம். வயல் முழுக்க ஒரு துண்டைக்கூட அவள் விடவில்லை.

அது மலைக்கோயில் சந்தனம். எங்கள் பக்கத்தில் அதற்கு மிஞ்சின மருந்து கிடையாது. காய்ச்சலுக்குக் கரைத்துக் குடிப்போம், புண்ணுக்கு இடுவோம், புது மோட்டாருக்கும் கன்று போட்ட மாட்டுக்கும் வைப்போம். பாவா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா அதைத்தான் அவர் நெற்றியில் பூசிக்கொண்டிருந்தாள். உயிர் இருக்கிற அட்டை என்று நான் சொன்னதால், அந்த உயிர்களுக்கும் வைத்துவிட்டாள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகிற? அதுங்க எப்டி வெளிய வரும்?"

"சாமி சந்தனம் கெடுதல் பண்ணுமாடி?"

"சாமி ஒண்ணும் பண்ணல. நீதான் கதவ பூசி மூடிட்ட."

அக்கா முகம் சுருங்கிப்போனது. ஓர் அட்டையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சந்தனத்தோடு கறுப்புத் தூளும் உதிர்ந்தது. "ஐயோ, எல்லாத்தையும் நானே கொன்னுட்டனா?" என்று வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது குளவிகளுக்காக மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். கோபப்பட்டதற்காக என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாவா, "போதும்மா உங்க வெளாட்டு. நாளைக்கு நான் மருந்து அடிச்சிடறேன். பயிர் சாவறத பாத்துக்கினு ஒக்காரச் சொல்றீங்களா?" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த கிருத்திக வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா நான் தடுக்க மாட்டேன். இது முருகன் மேல சத்தியம்."

கிருத்திகையைச் சொல்லிச் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் யாராலும் மறுக்க முடியாது. பாவா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே புது அட்டைகளோடு வந்தேன். அதற்கடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்தேன். அக்கா அட்டையைத் தொடும்முன் கையைக் கழுவிக்கொண்டாள். சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவள், ஒரு நிமிடம் யோசித்து, சந்தனத்தை என் நெற்றியில் இட்டாள். "நீ வெளிய வர்ற வழிய நான் மூடல இல்ல?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. குளவிமேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் பாவாவின் உயிர் அதை நம்பி இருக்கிறது என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கிருத்திகை அன்று ரோட்டில் காவடிக் கூட்டம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவா குளித்து விபூதி பூசி, "வா, பாத்துடலாம்" என்று கரும்புக்குள் இறங்கினார். அக்கா கூழ் எடுத்துவரப் போயிருந்தாள். முதல் சாலில், முதல் வரிசைக் கரும்பில், ஒன்றுமில்லை. இரண்டாவது சாலில் ஒரு தோகையின் அடியில் செதில் செதிலாகப் புழுவின் முட்டைகள், எல்லாம் வெள்ளை வெளேரென்று. வெள்ளையாக இருந்தால் புழு உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். பாவாவும் பார்த்தார். நான் அடுத்த தோகையைத் திருப்பினேன். அதில் முட்டைகள் பளபளவென்று முழுக்கக் கறுத்திருந்தன. அதற்கடுத்ததும் கறுப்பு. இன்னும் நாலைந்து தோகை தள்ளி இன்னொன்று, அதுவும் கறுப்பு.

"பாவா, இது நம்ம குளவி! இந்த முட்டைல இருந்து இனிமே புழு வராது."

பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே தோகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனார். வெள்ளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்ப, மருந்து அடிக்க வேணாமா?"

"வேணாம் பாவா."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"போன வருசத்துலருந்து அந்த வாசன வந்தாலே கை நடுங்குதும்மா. இந்த வாட்டி போய்ச் சேந்துடுவேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். உங்க அக்காவாண்ட சொல்லிடாத."

நான் தலையை ஆட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். அடுத்த சாலில், கரும்புக்கு அந்தப் பக்கம், கூழ்த் தூக்கோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவரைப் பிடிவாதக்காரர் என்று வைதவள். கண்ணீர் கன்னத்தில் வழிய, என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். பிறகு சத்தம் போடாமல் பின்வாங்கி நடந்து, வயல் முனை வரைக்கும் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வருகிறவள் போல அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்க கீறீங்க ரெண்டு பேரும்? கூழு கொண்டாந்துகிறேன், வாங்க!"