பிரேக்குக்கும் விட்ட எண்ணெய்

போன வருடம் ஆடி மாதம், குமாரபாளையத்தில் நடந்தது இது. நான் விசைத்தறியில் பகல் ஷிப்ட் பார்க்கிறவள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தறிக்கு நடந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் நாற்பத்தொரு வயதில், தெருவே வேடிக்கை பார்க்க, ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஓட்டத்தான் கற்றேன். வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரமாகச் செயின் கீச் கீச்சென்று கத்தியது. எங்கள் தொழிலில் கத்துகிற எதற்கும் எண்ணெய்தான் வைத்தியம். சுற்றுகிற இடம், உரசுகிற இடம் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்ட பிறகுதான் காலையில் தறியையே ஓட்டுவோம். ஒருநாள் தூக்கம் தீராத கண்ணோடு, தறிக்கு விடுகிற எண்ணெயையே எடுத்துச் சைக்கிளுக்கும் அதே உபசாரத்தைச் செய்தேன். செயினுக்கு விட்டேன், அச்சுக்கு விட்டேன். பிரேக் கட்டை ரிம்மில் உரசுவது கண்ணில் பட்டது. தேய்ந்துவிடுமே என்று அங்கேயும் தாராளமாக விட்டேன். சத்தம் அடங்கியதில் எனக்கு ஒரே பெருமை.

மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். வாய்க்கால் பாலம் ஏறி இறங்கினால் மெயின் ரோடு. இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தது. பிரேக்கைப் பிடித்தேன், நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினேன், அப்போதும் வழுக்கிக்கொண்டே போனது. கீழே நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நிறுத்தும்மா, நிறுத்தும்மா" என்று அலறினாள். காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன். செருப்பு பிய்ந்ததுதான் மிச்சம்.

இறக்கத்தின் அடியில் பஞ்சர் கடை போட்டிருந்தவர், கையிலிருந்த டியூபை எறிந்துவிட்டு ஓடி வந்து கேரியரைப் பிடித்தார். வண்டி அவரையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. மூன்று பேரும் மண்ணில் கிடந்தோம். லாரி ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனது.

அவருக்கு முட்டியில் ரத்தம். அதைத் துடைக்காமல் முதலில் மகளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு ரிம்மைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

"ஏனுங்கக்கா, தறி ஓட்டறீங்களா?"

"ஆமாங்க."

"அதான பாத்தேன். கட்டை உரசுனாத்தானுங்க வண்டி நிக்கும். அங்க போயி எண்ணெய உட்டா எப்படிங்க?"

ஓங்கித் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோப்புத் தண்ணீரில் ரிம்மைக் கழுவி, பிரேக் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துத் தந்தார். "செயினுக்கு மட்டும் சொட்டுச் சொட்டா உட்டுத் தொடச்சிருங்க. ஏறறதுக்கு முன்னால பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வண்டியத் தள்ளிப் பாருங்க. சக்கரம் சுத்துச்சுன்னா ஏறாதீங்க" என்றார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை.

இப்போது தினமும் அப்படிப் பார்த்த பிறகுதான் ஏறுகிறேன். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் மகள் இன்று வரை பின்னால் உட்காருவதில்லை. "நீ ஓட்டிக்கிட்டுப் போம்மா, நா நடந்தே வாரேன்" என்கிறாள். நானும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளி வரை அவளோடு நடக்கிறேன். கால் வலிக்கத்தான் செய்கிறது. என்னை நம்பி ஏறிய பிள்ளையை லாரிக்கு நேராகக் கொண்டுபோனவள் நான். அவளாக மறுபடி ஏறுகிற வரைக்கும் நடந்துதான் ஆக வேண்டும்.