ஒட்டாத அட்டை

பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன இன்ஜினியரிங் காலேஜின் கூடைப்பந்து அணியை உருவாக்கியவனே நான்தான்.

பொய். நான் பந்துக்குக் காற்று அடித்தவன். அதற்குமேல் அந்த அணிக்கு நான் செய்தது ஒரே ஒரு காரியம். அதைச் சொல்லத்தான் கடையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்திவிடுவாள்.

என் பஞ்சர் கடை அந்தக் காலேஜின் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது. ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரக் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் சிமெண்டு கோர்ட்டு. பல வருடம் எனக்குக் கூடைப்பந்து என்றால் சுவர் தாண்டி வருகிற டப் டப் சத்தம்தான். ஒருநாள் பம்பு உடைந்துவிட்டது என்று இரண்டு பையன்கள் பந்தோடு வந்தார்கள். ஊசி அவர்களே வைத்திருந்தார்கள். லாரி டயருக்கு அடிக்கிற பழக்கத்தில் அடித்துவிட்டேன். பந்து கல்லாகிவிட்டது. கீழே போட்டதும் எழும்பி என் தகரக் கூரைமேல் போய் விழுந்தது.

"ண்ணா, இது பந்துண்ணா. லாரி இல்ல."

அன்றிலிருந்து அளவு கற்றுக்கொண்டேன். தலை உயரத்திலிருந்து விட்டால் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே போக ஆரம்பித்தேன். வாட்ச்மேன் முதல் மாதம் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. ரசிகன் என்றால் ரசிகன், அப்படி ஒரு ரசிகன் ஆகிவிட்டேன்.

எங்களை மாதிரி சின்னக் காலேஜுக்கு ரசிகனாக இருப்பவனுக்கு நல்ல காலம் என்றால் சீசன் தொடங்குகிற ஜூலை மாதம்தான். அப்போது நாங்கள் இன்னும் ஒரு மேட்சிலும் தோற்றிருக்க மாட்டோம். போன வருடத்து ஜெர்சியைத் துவைத்து, வெளியே போன சீனியரின் நம்பரைப் புதுப் பையன் முதுகில் மாட்டிவிடுவார்கள். முதல் வருடத்தில் சேர வருகிறவன் எவனாவது உயரமாக இருந்தால், கையிலிருக்கும் ட்யூபைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடுவேன்.

"தம்பி, பாஸ்கெட்பால் ஆடுவியா?"

"இல்லண்ணா, எனக்கு சைனஸ்."

அவன் அம்மா என்னை ராகிங் செய்கிறவன் என்று நினைத்து முறைப்பார். இந்த வயதிலும் என்னை ஸ்டூடண்ட் என்று நினைத்தாரே என்று அன்று முழுக்க சந்தோஷமாக இருப்பேன்.

எதிர் டீக்கடை மாஸ்டருக்கு என் ரசிப்புதான் பொழுதுபோக்கு.

"இன்னா மாமே, இந்த வருஷமாச்சும் மொத ரவுண்ட தாண்டுவீங்களா? இல்ல, அவுங்க குடுக்குற டிபன துன்னுட்டு திரும்பிடுவீங்களா?"

"பாத்துகினே இரு. கப்பு எடுத்துகினு வர்றோம். அதுலதான் நீ டீ ஆத்தணும்."

"ஆத்துறேன் ஆத்துறேன். ஓட்டை இல்லாத கப்பா எடுத்துகினு வா. உன்கிட்ட எது வந்தாலும் பஞ்சராத்தான் வருது."

அவன் சொன்னதில் தப்பில்லை. மூன்று வருடமாக முதல் ரவுண்டிலேயே வெளியே வந்துகொண்டிருந்தோம். போன வருடம் சீசன் தொடங்கும்போதே மேனேஜ்மெண்ட் சொல்லிவிட்டது: இந்த முறையும் முதல் மேட்சில் தோற்றால் கோர்ட்டு டூவீலர் பார்க்கிங் ஆகிவிடும்.

இதை என்னிடம் சொன்னவன் கேப்டன். அப்போது மூன்றாம் வருடம். டிபென்ஸ் குவார்ட்டர்ஸ் பையன், அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். கூடைப்பந்துக்கு ஏற்ற உயரம் இல்லை, ஆனால் பந்து அவன் கையில் நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். அன்று காற்று அடித்த பந்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கப்புல்லாம் வேணாம்ண்ணா. ஒரே ஒரு மேட்ச். அந்த கோர்ட்டு இருந்தா போதும்."

"இன்னாடா நீ, ஒரு மேட்சுக்குப் போய் மூஞ்ச தொங்க போட்டுகினு. நான் கீறேன் இல்ல?"

நான் இருந்து என்ன செய்வேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேட்ச் எங்கள் கோர்ட்டில், ஒரு சனிக்கிழமை. எதிர் அணி கரையான்சாவடி பக்கத்துக் காலேஜ். காலையில் மழை கொட்டிவிட்டது. பையன்கள் கோணிப்பையால் தரையைத் துடைத்தார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டு, தீபாவளிக்கு எடுத்த சட்டையோடு குனிந்து துடைத்தேன். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் பி.டி. மாஸ்டர் என்னிடம் வந்தார். நம்பர் அட்டை புரட்டுகிற அட்டெண்டர் வரவில்லை.

"ஏம்ப்பா, நீ புரட்டுறியா? ஸ்கோர் எழுதுறவரைப் பார்த்துட்டுப் புரட்டணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

எங்கள் காலேஜில் லைட் எரிகிற போர்டு கிடையாது. நாள்காட்டி மாதிரி வளையத்தில் கோத்த அட்டைகள்தான். அவை கோர்ட்டைப் பார்த்து நிற்கும், மேசையில் இருப்பவர்களுக்கு அட்டையின் முதுகுதான் தெரியும். அவர்களுக்கு அது தேவையும் இல்லை. மேசையில் உட்கார்ந்து தாளில் எழுதுகிறாரே, அவர் எழுதுவதுதான் கணக்கு. அட்டை ஆடுகிறவனுக்கும் வேடிக்கை பார்க்கிறவனுக்கும். அதனால்தான் அவரைப் பார்த்துப் புரட்ட வேண்டும்.

நான் எங்கே அவரைப் பார்த்தேன்? ஆட்டத்தைப் பார்த்தேன். பந்து வளையத்தில் விழுந்ததும் என் கை தானாகப் போனது. இரண்டாவது குவார்ட்டரில் நாங்கள் போட்ட பந்துக்குக் குதித்துக் கொண்டாடி, எதிர் அணியின் அட்டையைப் புரட்டிவிட்டேன். சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்த டீ மாஸ்டர் சும்மா இருப்பானா?

"யோவ் பஞ்சரு! எந்த டயருக்கு யா காத்து அடிக்கிற?"

கோர்ட்டைச் சுற்றி நின்ற மொத்தக் கூட்டமும் சிரித்தது. மாணவிகள் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. நானும் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பி வைத்தேன். ஊரைச் சிரிக்க வைப்பதே என் பிழைப்பு மாதிரி நடந்துகொள்கிறவன்தான் நான். ஆனால் அன்று காது சுட்டது. 'படிக்காதவனை உட்கார வைத்தால் இப்படித்தான்' என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

கடைசி இரண்டு நிமிடம். நாங்கள் நாற்பத்து நாலு, அவர்கள் நாற்பத்தைந்து. எங்கள் பையன் ஒருவன் பாய்ந்து போய்ப் பந்தைப் போட்டான். விழுந்தது. நான் நாற்பத்தாறு என்று புரட்டிவிட்டு நிமிர்ந்தால், ரெஃப்ரி இரண்டு முஷ்டியையும் உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டானாம். அந்தக் கூடை செல்லாது. விசில் முதலிலேயே அடித்திருந்தார், என் கத்தலில் எனக்குத்தான் கேட்கவில்லை.

கை அட்டைமேல்தான் இருந்தது. இரண்டு அட்டையைப் பின்னால் தள்ளினால் முடிந்தது. தள்ளவில்லை.

சுவரைப் பார்த்தேன். டீ மாஸ்டர் அங்கேதான் இருந்தான். இன்னொரு தடவை திருப்பி வைத்தால் இன்னொரு தடவை சிரிப்பு. அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் அதைவிடக் கேவலம்: யாரும் பார்க்காவிட்டால் அந்த இரண்டு புள்ளி அப்படியே நம்மோடு இருந்துவிடட்டுமே என்று ஒரு திருட்டு ஆசை. தாளில் எழுதுகிறவர் எழுதுவதுதான் கணக்கு என்று தெரிந்தும்தான்.

அப்புறம் அவர்கள் ஒரு கூடை போட்டார்கள், நாற்பத்தேழு. நாங்கள் ஒன்று போட்டோம். தாளில் எங்களுக்கு நாற்பத்தாறு. என் அட்டையில் நாற்பத்தெட்டு.

பதினைந்து விநாடி இருக்கும்போது அவர்கள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்துக் கேப்டன் கைக்கு வந்தது. அவன் பாதிக் கோட்டைத் தாண்டி வந்து நின்றான். அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான். ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். அப்புறம் எதற்கு எறிய வேண்டும்? இங்கேயும் அங்கேயும் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கரைத்தான். பி.டி. மாஸ்டரும் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஹோல்டு! ஹோல்டு!" என்று கத்தினார். எதிர் அணி அவனை விரட்டவே இல்லை. அவர்களுடைய கோச் கையில் சொந்தமாக ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கத்தினார்.

"தொடாதீங்கடா! யாரும் அவனைத் தொடாதீங்க!"

தோற்கிறவன் ஏன் துரத்தாமல் நிற்கிறான்? அந்த மைதானத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே உள்ளூர்க்காரன் நான். எழுந்து நின்று, 'போடுடா, எறிடா' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பதினைந்து விநாடி என்பது சின்ன நேரம் இல்லை. நான் ஒரு வால்வு பின்னைக் கழற்றி மாட்டிவிடுவேன். வாய் திறக்கவில்லை. ஊரில் எல்லா இடத்திலும் திறக்கிற வாய் இது.

விசில் அடித்தது. கேப்டன் பந்தை வானத்துக்கு எறிந்தான். பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருவன் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். சுற்றும்போதே ரெஃப்ரி மேசையில் குனிந்து தாளைப் பார்ப்பது தெரிந்தது. கீழே இறக்கிவிடாமல் இன்னும் கொஞ்சம் சுற்றமாட்டானா என்று இருந்தது.

நாற்பத்தேழு, நாற்பத்தாறு. தோல்வி.

பி.டி. மாஸ்டர் முதலில் கேப்டனைத்தான் பிடித்தார். "நீ கேப்டன்தானே? டேபிள்ல ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ரெண்டு தடவை எறிஞ்சிருக்கலாமேடா!" அவர் ஹோல்டு என்று கத்தியதை அவனும் சொல்லிக் காட்டவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா ஆச்சு அட்டை?"

"காலைல மழை சார். ஈரத்துல அட்டை ஒட்டிகிச்சு. ரெண்டு ரெண்டா வந்துடுச்சு."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? அவ்வளவு சுத்தமாக, கேட்ட உடனே. பள்ளிக்கூடத்தில் இந்த வேகம் இருந்திருந்தால் நான் பத்தாவது தாண்டியிருப்பேன்.

"விடுங்க சார்," என்றான் கேப்டன். "அண்ணா பாவம், கடைய சாத்திட்டு வந்தாரு. நாந்தான் கணக்கு வெச்சிருக்கணும்."

பி.டி. மாஸ்டர் அட்டையில் கை வைத்தார். ஒன்றொன்றாகப் புரட்டினார். சரக் சரக் என்று தனித்தனியாக விழுந்தன. மத்தியான வெயிலில் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது ஒரே வார்த்தை. பந்தை நீட்டி, "காத்து" என்பார்.

அடுத்த மாதமே கோர்ட்டில் மஞ்சள் கோடு போட்டு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கூடைக் கம்பத்தை மட்டும் பிடுங்கவில்லை, அதன் கீழே வாத்தியார்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சுவரோரம் இத்தனை வண்டி நின்றால் யாருக்கு லாபம்? எனக்குத்தான். தினமும் இரண்டு பஞ்சராவது அந்தக் கோர்ட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ட்யூபையும் தண்ணீரில் முக்கும்போது குமிழியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் வழக்கம்போல நாலு பேரிடம் ஜோக்காகச் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். இந்த ஜூலையில் சீசன் மறுபடி தொடங்கியது. பையன்கள் இப்போது குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் கெஞ்சிக் கூத்தாடி, நேரம் வாங்கி ஆடுகிறார்கள். கேப்டனுக்கு இது கடைசி வருடம். முதல் பிராக்டிஸ் மேட்சைப் பார்க்கப் போனேன். டீ மாஸ்டரும் வந்தான்.

"இன்னா மாமே, உங்க கேப்டன் மந்திரம் சொல்லிகினே ஓடறான்?"

பார்த்தேன். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பன்னெண்டு எட்டு, பன்னெண்டு பத்து, பதினாலு பத்து. ஓடும்போதும், வளைந்து திரும்பும்போதும், பந்து கையில் இருக்கும்போதும் கணக்கு. அட்டையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆளில்லாமல் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், கேப்டனுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை பந்தைப் பறிகொடுத்தான். பையன்கள் அவனை "கால்குலேட்டர்" என்று கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே அவனும் திரும்புகிறான்.

நாய்க்குட்டி மாதிரி கூட ஓடின பந்து அது. அவன் தன்மேல்தான் தப்பு என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறான். தப்பு அவனுடையது இல்லை என்று சொன்னால் வாய் நிற்கும், கண் நிமிரும். அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான்.

இரண்டு தடவை முயற்சி செய்தேன். முதல் தடவை, "தம்பி, அன்னிக்கு அந்த அட்ட கீது பாரு" என்று ஆரம்பித்ததும், "அத்த இன்னும் நெனச்சிட்டு இருக்கீங்களா? மழைக்கு நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?" என்று என் தோளைத் தட்டினான். இரண்டாவது தடவை நான் ஜோக் அடித்துவிட்டேன். அவன் சிரித்தான். சொல்ல வந்தது அங்கேயே நின்றது.

நாளை சனிக்கிழமை முதல் மேட்ச், கரையான்சாவடியில், அதே அணியோடு. காலேஜ் பஸ் தரவில்லை, பையன்கள் பைக்கில் போகிறார்கள். நேரில் சொன்னால் மறுபடி வாய் கோணிக்கொள்ளும், எழுதி வைத்தால் தாளை அவன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி: அட்டை ஒட்டவில்லை, நான்தான் திருப்பி வைக்க

"ண்ணா!"

கேப்டன் வந்துவிட்டான். பைக்கில் பின்னால் ஒருவன், மடியில் இரண்டு பந்து.

"இன்னாண்ணா எழுதிட்டு இருக்கீங்க, லவ் லெட்டரா? காத்து புடிங்கண்ணா, பசங்க கிரவுண்டுல நிக்கிறாங்க."

"இருடா, வர்றேன்."

"அண்ணா, சீக்கிரம்!"